லூயி அகாசிஸ் ஃபுவெர்ட்டெஸ்: வரைந்த பறவைக்குள் உயிர் எங்கே இருக்கிறது?

நாரைக்கால்

பறவை ஓவியம் என்றாலே பேச்சு 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பறவை ஓவியர் ஆடுபானில் தொடங்கி ஆடுபானிலேயே முடிந்துவிடுகிறது. அவருக்குப் பின் வந்த அமெரிக்கர் லூயி அகாசிஸ் ஃபுவெர்ட்டெஸ் அதே அளவு பேசப்பட வேண்டியவர் என்பது என் கருத்து. அவருக்காகவே இந்த இழை.

முதலில் அடிப்படைத் தகவல்கள். 1874 பிப்ரவரி 7 அன்று நியூயார்க் மாநிலத்தின் இதாக்காவில் பிறந்தார். தந்தை எஸ்டெவான் போர்ட்டோ ரிக்கோக்காரர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் பேராசிரியர். ஊர் நூலகத்தில் இருந்த ஆடுபானின் பெரிய தாள்களைப் பார்த்து வளர்ந்த பையன், 14 வயதில் ஒரு ஆண் கிராஸ்பில் பறவையை வண்ணத்தில் வரைந்தார். கல்லூரிப் பாடகர் குழுவோடு 1894இல் வாஷிங்டன் போனபோது அன்றைய பெரிய பறவையியலாளர் எலியட் கூஸைச் சந்தித்தார். மறு ஆண்டே கூஸ் இவருடைய ஓவியங்களை அமெரிக்கப் பறவையியலாளர் சங்கக் கூட்டத்தில் மாட்டிவைத்தார். 1897இல் பட்டம் பெற்றார். 1899இல் ரயில்வே அதிபர் ஹாரிமனின் ஆய்வுக் குழுவோடு அலாஸ்கா போனார். பிறகு பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மனுடன் மெக்சிகோவுக்கும் கொலம்பியாவுக்கும் போனார். 1926-27இல் அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா). 1927 ஆகஸ்ட் 22 அன்று ரயில்வே கிராசிங் விபத்தில் இறந்தார். வயது 53.

என் கேள்வி இதுதான். அவர் காலத்தில் இன்றைக்குள்ளது போன்ற டெலிபோட்டோ லென்ஸ் கிடையாது, வீடியோ கிடையாது. கையில் இருந்தவை பாடம் செய்த தோல்களும் பைனாகுலரும்தான். ஆனாலும் அவருடைய ஆந்தை நம்மைத் திரும்பிப் பார்க்கிறது, ராஜாளி கிளையை உண்மையிலேயே பிடித்திருக்கிறது. எப்படி? முறையை அறிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள்.

மைக்கூடு

விடை அவருடைய களப்படிப்புத் தாள்களில், அதாவது களத்திலேயே பறவையைப் பார்த்து வரைந்த தாள்களில், இருக்கிறது. அச்சில் வந்த பிளேட்டுகளை (புத்தகத்தின் முழுப்பக்க வண்ணப் படங்களை) ஒதுக்கிவிட்டு அவற்றைப் பாருங்கள். பெரும்பாலான தாள்களில் ஒரு தலை மட்டும் முழு வண்ணத்தில் இருக்கும். உடல் நாலைந்து பென்சில் கோடுகளோடு நின்றுவிடும். பக்கத்தில் ஒரு கால், ஒரு விரல், அலகின் அடிப்பகுதி, ஓரத்தில் குறிப்பு.

இறந்த பறவையில் எது முதலில் போகிறது என்று தெரிந்தவர் செய்யும் வேலை இது. கண் முதலில் போகும். பளபளப்பு மங்கி, பந்து அமுங்கி, நிற வளையம் கலங்கும். அடுத்து போவது இறகில்லாத தோல்: கண்ணைச் சுற்றிய வளையம், அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள பகுதி, தொண்டைப் பை. இவற்றின் நிறத்தில் பாதி ரத்த ஓட்டத்தால் வருவது. ஓட்டம் நின்றதும் சிவப்பு பழுப்பாகும், மஞ்சள் வெளுக்கும். அலகும் காலும் நாள்கணக்கில் காய்ந்து கருக்கும். இறகின் நிறம் மட்டும் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

ஆகவே ஃபுவெர்ட்டெஸின் வரிசை தலைகீழானது. பறவை கைக்கு வந்ததும் கண், பிறகு வெற்றுத் தோல், பிறகு அலகின் அடி, கால். எல்லாம் வண்ணத்தில். உடல் இறகுகளுக்கு அவசரப்பட மாட்டார், ஏனென்றால் அவற்றைத் தோலாக வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் பார்க்கலாம். அன்றைய ஓவியர் பலர் மியூசியத் தோலை மட்டும் நம்பி வரைந்தார்கள். காய்ந்த காலின் நிறத்தையே உயிருள்ள காலுக்கும் பூசினார்கள். அவர்கள் படத்தில் பறவை செத்துத் தெரிவதற்கு முதல் காரணம் அதுதான்.

கண் நிறம் அழகுக்காக மட்டும் பார்க்கும் விஷயமும் இல்லை. கூப்பர் பருந்துக்கு இளமையில் மஞ்சள் கண், வயது ஏற ஆரஞ்சாகிச் சிவக்கும். சிவப்புக்கண் வீரியோ என்ற சிறு பறவை முதல் ஆண்டில் பழுப்புக் கண்ணோடு இருக்கும். வளர்ந்த பறவையின் இறகை வரைந்து அதில் குஞ்சுக் கண்ணை வைத்தால், பறவை தெரிந்தவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

அல்லிக்குளம்

இதோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும்: தோல் நிரந்தரம் என்பதும் அரை உண்மைதான். பழுப்பு இறகுகள் அலமாரியில் கிடக்கக் கிடக்கச் செம்மை ஏறும். சில மெர்கன்சர் வாத்துகள், கடற்புறாக்கள், ஆலாக்களின் வயிற்றில் உயிரோடிருக்கும்போது ஒரு மெல்லிய இளஞ்சிவப்பு ஓடும். இறந்தபின் அது விரைவில் வெளிறி, தோலில் வெறும் வெள்ளையாக நிற்கும். புதிய பறவையைப் பார்த்தவர் மட்டுமே அந்தச் சாயலைப் பூச முடியும்.

வடிவத்தில் வரும் பிழை இன்னும் பெரியது. ஆய்வுத் தோல் மல்லாந்து படுக்கும்படி செய்யப்படுகிறது. உள்ளே பஞ்சு, கண் குழியிலும் பஞ்சு, கழுத்து சுருங்கி, சிறகு உடம்போடு இறுக்கி, கால் குறுக்கே கட்டி, லேபிள் தொங்கும். அதைப் பார்த்து அப்படியே நிமிர்த்தி வரைந்தால் கழுத்தில்லாத, தோளில்லாத ஒரு உருளைதான் கிடைக்கும். ஃபுவெர்ட்டெஸ் தோலைப் பாடம் செய்வதிலும் கைதேர்ந்தவர். உரிக்கும்போது தசை எங்கே, எலும்பு எங்கே, இறகு எந்தத் திட்டிலிருந்து முளைக்கிறது என்று விரலால் அறிந்தவர். அவர் உடலை வரையும்போது அந்த அறிவு கூடவே வருகிறது.

கரிக்கோல்

கொஞ்சம் மாறுபடுகிறேன். களப்படிப்புகள் அருமை, மறுக்கவில்லை. ஆனால் பறவையியலாளர் ஈட்டனின் நியூயார்க் பறவைகள் தொகுதிகளுக்கு (1910, 1914) வரைந்த பிளேட்டுகளைப் பாருங்கள். ஒரே தாளில் ஐந்தாறு இனம், எல்லாம் பக்கவாட்டில், பின்னால் மங்கலாக ஒரு ஏரி. இதில் யதார்த்தம் எங்கே? அவருடைய சம காலத்தவர் சுவீடனின் புரூனோ லில்யெஃபோர்ஸ் (1860-1939) பறவையையும் சதுப்பையும் ஒரே காற்றில் வைத்து வரைந்தார். அவர் ஓவியத்தில் இடத்தைப் பிரித்துவிட்டுப் பறவையை மட்டும் எடுக்க முடியாது. ஃபுவெர்ட்டெஸின் பறவையை வெட்டியெடுத்து வேறு தாளில் ஒட்டினால் ஒன்றும் குறையாது.

மைக்கூடு

கரிக்கோல், வேலையின் நிபந்தனையைப் பார்க்காமல் வேலையை எடை போடக்கூடாது. லில்யெஃபோர்ஸ் சுவரில் மாட்டும் எண்ணெய் ஓவியம் வரைந்தார். ஃபுவெர்ட்டெஸுக்கு அந்த வேலையில் கிடைத்தது 106 பிளேட், அதற்குள் ஒரு மாநிலத்தின் அத்தனை பறவைகளும். ஆண், பெண், இளம்பறவை மூன்றும் வேண்டும். ஒரே தாளில் உள்ளவை ஒரே அளவு விகிதத்தில் இருக்க வேண்டும். சிறகுப் பட்டை, வால் ஓரம், தொடை நிறம் எதுவும் மறையக்கூடாது. அதனால்தான் பக்கவாட்டு நிலை.

அச்சையும் சேர்த்துப் பாருங்கள். அன்றைய வண்ண ஹாஃப்டோன் அச்சு முறையில் படம் புள்ளிகளாக உடையும். மூல ஓவியம் அச்சை விடப் பெரியது. அதைச் சுருக்கும்போது புள்ளியை விட மெல்லிய கோடு காணாமல் போகும், நெருக்கமான கோடுகள் ஒன்றாக அடைந்துவிடும். அடர்நிழலில் உள்ள நுண் வேறுபாடு கருப்பாகும். இதைத் தெரிந்தவர் நிழலை வெளிறவைத்து, ஓரத்தைத் தெளிவாக வைத்து, பின்னணியை மங்கலாக விடுவார். நீங்கள் குறை சொல்லும் அந்த மங்கல் ஏரி வேண்டுமென்றே மங்கலாக விடப்பட்டது.

அதற்குள்ளும் அவர் செய்ததைக் கவனியுங்கள். ஒவ்வொரு இனமும் தன் நிற்கும் முறையோடு இருக்கிறது. வீரியோ சோம்பலாகக் கழுத்தை நீட்டும், ரென் வாலைத் தூக்கும். நிறத்தை எல்லாம் நீக்கி நிழலுருவாக மாற்றினாலும் இனம் தெரியும். ரோஜர் டோரி பீட்டர்சன் 1934இல் பறவைகளை அடையாளம் காணும் கையேடு கொண்டுவருவதற்கு முன்பே இந்த அறிவு ஃபுவெர்ட்டெஸின் தாள்களில் இருந்தது. இருவரும் 1925இல் நியூயார்க்கில் சந்தித்திருக்கிறார்கள். பதின்ம வயது பீட்டர்சனுக்கு மூத்தவர் தம் தூரிகை ஒன்றைக் கொடுத்தார்.

கரிக்கோல்

நிபந்தனை புரிகிறது. இடம் பற்றிய என் குறை அப்படியே நிற்கிறது. செடியும் பருவமும் சரியாக இருந்தாலும், அவர் பின்னணியில் ஒளி ஒரு திசையிலும் பறவை மேல் வேறொரு திசையிலும் விழும் தாள்கள் இருக்கின்றன.

வெளிச்சம்பார்

ஒளி என்ற சொல் வந்துவிட்டதால் ஓவியர் ஆபட் தாயரைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஃபுவெர்ட்டெஸின் குரு அவர். 1897 கோடையில் நியூ ஹாம்ப்ஷயரின் டப்ளினில் தாயர் வீட்டுக்கே போய்ப் படித்தார். மறு ஆண்டு இருவரும் ஃபுளோரிடா போனார்கள்.

தாயர் 1896இல் வெளியிட்ட கருத்து இது: விலங்கின் முதுகு அடர் நிறம், வயிறு வெளிர் நிறம். மேலிருந்து வரும் வெளிச்சம் முதுகை வெளுப்பாக்கி வயிற்றை நிழலாக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்ய, உடல் தட்டையாகித் தெரியாமல் போகிறது. சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு மேலே அடர் நிறமும் கீழே வெளிர் நிறமும் பூசிக் கம்பியில் நிறுத்திக் காட்டுவார். சில அடி தள்ளி நின்றால் கிழங்கு மறைந்துபோகும்.

இப்போது பறவை ஓவியரின் சங்கடத்தை யோசித்துப் பாருங்கள். இயற்கை உருண்டையைத் தட்டையாக்க முயல்கிறது. ஓவியர் தட்டைத் தாளில் உருண்டையைக் காட்ட வேண்டும். இறகின் சொந்த நிறத்தை மட்டும் பூசினால் வயிறு வெள்ளையாகவே நின்று, பறவை அட்டையில் வெட்டி ஒட்டியது போலாகிவிடும். நிழலை அளவுக்கு மீறிப் போட்டால் வெள்ளை வயிற்றுப் பறவை சாம்பல் வயிற்றுப் பறவையாகி, இனமே மாறும். ஃபுவெர்ட்டெஸின் தீர்வு நிழலின் அடர்த்தியைக் குறைத்து நிழலின் நிறத்தை மாற்றுவது. வெள்ளை வயிற்றின் நிழலில் கீழேயுள்ளதன் எதிரொளி இருக்கும்: மணல் மேல் நின்றால் வெதுவெதுப்பான காவிச் சாயல், தண்ணீர் மேல் நீலப்பச்சை, பனி மேல் கிட்டத்தட்ட நிழலே இல்லை.

செய்து பார்க்க ஒரு வழி. வண்ணத்தை எடுக்கும் முன் தீப்பெட்டி அளவில் மூன்றே தொனியில் ஒரு படம் போடுங்கள்: வெள்ளை, நடுச்சாம்பல், கருப்பு. வெளுத்த வானத்தின் முன் பறக்கும் வெள்ளைக் கொக்கு அந்தப் படத்தில் நடுச்சாம்பலாக வர வேண்டும். பலர் அதை வெள்ளையாகவே விட்டு, பிரித்துக்காட்ட வானத்தை நீலமாக இருட்டடிப்பார்கள். பொய் அங்கே தொடங்குகிறது.

தாயர் பிறகு எல்லை மீறினார் என்பதையும் சொல்ல வேண்டும். பூநாரையின் சிவப்பு அந்தி வானத்தில் மறைவதற்காக என்று 1909இல் வந்த புத்தகத்தில் வாதாடினார். தியோடர் ரூஸ்வெல்ட் 1911இல் அதை நீண்ட கட்டுரையில் மறுத்தார், சரியாகவே மறுத்தார். ஃபுவெர்ட்டெஸ் குருவின் ஒளியை எடுத்துக்கொண்டார். எல்லாப் பறவையையும் பின்னணியில் கரைக்கும் பிடிவாதம் மட்டும் அவர் தாள்களில் இல்லை.

நாரைக்கால்

இந்த அளவு விளக்கம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. அடுத்ததாக உடற்கூறு. வரையத் தொடங்குபவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

அல்லிக்குளம்

சறுக்கும் இடங்கள் பல. அடிக்கடி கண்ணில் படுபவற்றைச் சொல்கிறேன்.

கால். நாம் முழங்கால் என்று நினைப்பது பறவையின் கணுக்கால், அதனால்தான் அது பின்பக்கம் மடங்குகிறது. உண்மையான முழங்கால் இறகுக்குள் வயிற்றோரம் ஒளிந்திருக்கும். இது தெரியாதவர் காலை வயிற்றின் நடுவிலிருந்து குச்சி மாதிரி இறக்குவார். உட்கார்ந்த பறவையின் எடைமையத்திலிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுங்கள். அது விரல்களுக்கு நடுவே விழ வேண்டும். விழாவிட்டால் பறவை முன்னே கவிழும், நீங்கள் எத்தனை இறகு வரைந்தாலும் சரி. விரல்களையும் எண்ணுங்கள்: பாடும் பறவைகளுக்கு முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. பெரும்பாலான மரங்கொத்திகளுக்கு இரண்டு இரண்டு. ஆந்தையும் மீன்பிடிப் பருந்தும் வெளிவிரலைப் பின்னுக்கும் திருப்பும்.

சிறகு. மடித்த சிறகில் மேலே தெரியும் பெரிய இறகுகளை முதன்மைப் பறப்பிறகு என்று நினைத்து வரைகிறார்கள். அவை உடம்பை ஒட்டிய உள் இறகுகள். முதன்மை இறகுகள் அவற்றுக்குக் கீழே அடுக்காக ஒளிந்து, நுனி மட்டும் பின்னால் நீளும். அந்த நுனி எவ்வளவு நீள்கிறது என்பது இனத்துக்கு இனம் மாறும். தொலைதூரம் வலசை போகிறவற்றில் நீளம். தோள் இறகுகள் முதுகிலிருந்து இறங்கிச் சிறகின் மேல்விளிம்பை மூட வேண்டும். மூடாவிட்டால் சிறகு ஆணியடித்து மாட்டியதுபோல் நிற்கும்.

எண்ணிக்கை. அமெரிக்க வார்ப்லர், குருவி, கரும்பறவை வகைகளில் கண்ணுக்குத் தெரியும் முதன்மை இறகு 9. காகத்துக்கும் திரஷுக்கும் 10. வால் இறகு பெரும்பாலும் 12, ஹம்மிங்பேர்டுக்கு 10. மரங்கொத்திக்கு 12 இருந்தாலும் வெளி ஜோடி மிகச் சிறியது, வரைந்தால் 10 தான் தெரியும்.

முகம். கண்ணை மிக மேலேயும் மிக முன்னேயும் வைப்பது பொதுவான பிழை. வாய்க்கோடு அலகோடு முடியாது. அலகின் அடியைத் தாண்டிக் கண் பக்கமாகப் போகும். அந்தக் கோட்டை நீட்டிப் பார்த்து, அதற்கு எவ்வளவு மேலே கண் என்று கவராயத்தால் அளந்துகொள்ளுங்கள். அலகு நீளத்தையே அளவுகோலாக வைத்துத் தலை எத்தனை அலகு, கால் எத்தனை அலகு என்று ஓரத்தில் எழுதிவைத்தால் பாதிப் பிழை போய்விடும்.

புதுத்தாள்

இப்போது போட்டோ இருக்கிறதே, இத்தனை கஷ்டம் எதற்கு? ஒரு நல்ல கேமராவில் கண் நிறம், அலகு, கால் எல்லாம் வந்துவிடுமே?

கரிக்கோல்

வரும், பிழையோடு வரும். நீளமான லென்ஸ் ஆழத்தை நசுக்கும். நம்மை நோக்கித் திரும்பிய அலகு மொட்டையாகும், பின்சிறகு முன்சிறகோடு ஒட்டிக்கொள்ளும். வெள்ளைச் சமநிலையைக் கேமரா தானாக முடிவு செய்வதால் இலைக்குள் இருக்கும் பறவை பச்சையாகவோ, அதைத் திருத்தப்போய் ஊதாவாகவோ மாறும். வெள்ளை இறகில் விவரம் எரிந்துபோகும், கருப்பில் மூழ்கிப்போகும். 1/2000 நொடியில் நிறுத்திய சிறகு உண்மைதான், ஆனால் அந்த நிலையைக் கண் எப்போதும் பார்த்ததில்லை. அதை அப்படியே வரைந்தால் பறவை காற்றில் மாட்டிக்கொண்டது போலிருக்கும்.

போட்டோவைத் தகவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், நிலைக்கு நேரில் பாருங்கள். ஃபுவெர்ட்டெஸின் பென்சில் தாள்களில் ஒரே பறவை எட்டுப் பத்து நிலைகளில் இருக்கும், ஒவ்வொன்றும் நாலைந்து கோடு. அரை நிமிடத்துக்கு மேல் ஒரு நிலையில் செலவிடாதீர்கள். முதுகுக் கோடு, அலகின் சாய்வு, வால் கோணம், கால் தரையைத் தொடும் புள்ளி: இந்த நான்கும் போதும். பறவை திரும்பிவிட்டால் பாதியில் விட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். பழைய நிலைக்கு அது மீண்டும் வரும், அப்போது தொடரலாம்.

அமைதிவனம்

ஒரு சங்கடமான கேள்வி. அவர் பறவைகளைச் சுட்டுத்தானே படித்தார்? இதை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாடலாமா?

மைக்கூடு

மறைக்க வேண்டியதில்லை. சுட்டார். அன்றைய பறவையியல் அப்படித்தான் நடந்தது. அவர் சேர்த்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தோல்கள் கார்னெலுக்குப் போயின. கொலம்பியாவில் சேகரிக்கப்பட்ட ஒரு கிளியைச் சாப்மன் 1912இல் புதிய இனமாக விவரித்து அவர் பெயரையே வைத்தார். பிறகு பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 2002இல் அது மீண்டும் கண்டறியப்பட்டது. அன்று எடுத்த தோல் இல்லையென்றால் எதைத் தேடுவது என்பதே தெரிந்திருக்காது.

அதே மனிதர்தான் பறவைகளைப் பாதுகாக்கும் ஆடுபான் சங்கங்களின் கல்வித் துண்டுப்பிரசுரங்களுக்கு வரைந்தார். சமையல் சோடா பொட்டலத்தில் வந்த சிறிய பறவை அட்டைகளுக்கும் வரைந்தார். தோட்டாவுக்கு இலக்காகப் பறவையைப் பார்த்த ஒரு தலைமுறையின் பிள்ளைகள் அந்த அட்டைகளைச் சேகரித்தார்கள்.

இன்று அமெரிக்காவில் இந்த வழி அடைபட்டுவிட்டது, அடைபட வேண்டியதும்தான். 1918ஆம் ஆண்டு வலசைப் பறவைச் சட்டப்படி அனுமதியில்லாமல் உள்நாட்டுப் பறவையின் ஒரு இறகை வைத்திருப்பதும் குற்றம். கண்ணாடியில் மோதி இறந்ததைக் கூட வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. மாற்று வழி, காலில் வளையம் போடும் ஆய்வு நிலையங்கள். அங்கே பறவை உயிரோடு ஒரு நிமிடம் கையில் இருக்கும், கண்ணும் வாயோரமும் காலும் பக்கத்தில் தெரியும். வண்ணப் பட்டை அட்டையைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால் நிறத்தைப் பின்னர் சரிபார்க்கலாம். மியூசியங்களும் அனுமதி பெற்று உறையவைத்த பறவைகளை ஓவியருக்குக் காட்டுவதுண்டு.

நாரைக்கால்

கடைசி அபிசீனியப் பயணத்தைப் பற்றியும் யாராவது எழுதுங்கள்.

வெளிச்சம்பார்

சிகாகோவின் ஃபீல்ட் மியூசியம் நடத்திய பயணம் அது. தலைமை வில்ஃபிரெட் ஆஸ்குட். ஃபுவெர்ட்டெஸ் நூற்றுக்கும் மேற்பட்ட களப்படிப்புகளோடு 1927இல் திரும்பினார். பார்த்தவர்கள் அவற்றை அவருடைய உச்சம் என்கிறார்கள், எனக்கும் அதில் ஐயமில்லை. பிளேட் வேலையின் கட்டுப்பாடு அங்கே இல்லை. ஒரு தாளுக்கு ஒரு பறவை. இருவாட்சிகளின் தொண்டைத் தோல், கழுகுகளின் முகச் சுருக்கம், இறகில்லாத தலையின் நரம்போட்டம் எல்லாம் சில மணி நேரத்துக்குள் பிடிக்கப்பட்டவை.

அந்தப் படங்களைச் சாப்மனுக்குக் காட்டிவிட்டு மனைவி மார்கரெட்டுடன் காரில் திரும்பும்போதுதான் நியூயார்க் மாநிலத்தின் உனடில்லாவில் விபத்து. வைக்கோல் பாரம் மறைத்ததால் ரயில் தெரியவில்லை. அவர் அங்கேயே இறந்தார், மார்கரெட் பலத்த காயத்தோடு பிழைத்தார். ஓவியங்கள் வெளியே வீசப்பட்டுச் சேதமில்லாமல் கிடந்தன. அதில் 32 படங்களை ஃபீல்ட் மியூசியம் 1930இல் தொகுப்பாக வெளியிட்டது. ஃபோர்புஷ் எழுதிய மாசசூசெட்ஸ் பறவைகள் நூலுக்கான வேலை மூன்றாம் தொகுதியின் பாதியில் நின்றுபோக, ஓவியர் ஆலன் புரூக்ஸ் மீதியை முடித்தார். இரண்டு கைகளும் ஒரே புத்தகத்தில் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு அது நல்ல பாடம்.

புதுத்தாள்

அவர் மாதிரி வாட்டர்கலரும் குவாஷும் (ஒளிபுகாத நீர்வண்ணம்) கலந்து செய்வது எப்படி? எனக்கு இறகு எல்லாம் அடைபட்டு, சுண்ணாம்பு பூசியது போல் ஆகிவிடுகிறது.

அல்லிக்குளம்

சுண்ணாம்புத்தன்மை வருவது எல்லா நிறத்திலும் வெள்ளையைக் கலப்பதால். ஒளி வேண்டிய இடத்தில் தாளின் வெள்ளையை முடிந்தவரை விடுங்கள். குவாஷ் கடைசிப் பத்தில் ஒரு பங்கு வேலைக்குத்தான்: அடர் நிறத்தின் மேல் வரும் வெளிர் ஓரம், கண்ணின் ஒளிப்புள்ளி, முடி போன்ற நுனிகள்.

தாள் 300 கிராம், வழவழப்பான மேற்பரப்பு. ஐந்தாறு நிமிடம் நீரில் ஊறவைத்துப் பலகையில் பசைநாடாவால் ஒட்டிக் காயவிடுங்கள். இல்லையென்றால் முதல் பூச்சிலேயே அலையலையாக எழும். தூரிகை வட்ட நுனியில் 8ஆம் எண்ணும் 3ஆம் எண்ணும் போதும்.

முதல் பூச்சு ஈரத்தாளில், இறகை மறந்து உடல் முழுவதற்கும் ஒளியும் நிழலுமாக. நன்கு காயட்டும். இரண்டாவது இறகுத் தொகுதிகள்: தலையுச்சி, காது மூடிறகு, மார்பு, தோள், சிறகு, ஒவ்வொன்றும் ஒரு திட்டு. மூன்றாவது பூச்சில்தான் தனி இறகு, அதுவும் தலையிலும் சிறகின் ஒளிபடும் பகுதியிலும் மட்டும். மார்பு, வயிற்றின் ஓரங்களை ஈரத்தூரிகையால் கரைத்துவிடுங்கள். எல்லா இறகையும் ஒரே கூர்மையில் வரைந்தால் ஓடு வேய்ந்த கூரைதான் கிடைக்கும். ஃபுவெர்ட்டெஸின் மார்புகளைப் பெரிதாக்கிப் பாருங்கள், அங்கே இறகே கிடையாது. மென்மை மட்டும் இருக்கும்.

குவாஷ் காயும்போது மாறும். அடர் நிறம் கொஞ்சம் வெளுக்கும், வெளிர் நிறம் கொஞ்சம் கருக்கும். அதே தாளின் துண்டில் பூசிக் காய்ந்தபின் பார்த்துவிட்டு மேலே போங்கள். பாலேடு பதத்தில் இருக்க வேண்டும். கெட்டியானால் வெடிக்கும், நீர்த்தால் கீழ்ப்பூச்சு கரைந்து ஏறி அழுக்காகும். ஒரு இடத்தில் ஒரு கோடுதான், திரும்பத் தேய்க்காதீர்கள்.

கருப்பு இறகுக்கு டியூப் கருப்பு வேண்டாம். அல்ட்ராமரினும் பர்ன்ட் அம்பரும் கலந்தால் குளிர்ந்த கருப்பு, வெதுவெதுப்பான கருப்பு இரண்டையும் பெறலாம். மினுங்கும் இறகுக்கு உலோக வண்ணம் வேண்டவே வேண்டாம். ஹம்மிங்பேர்டின் தொண்டை பக்கவாட்டில் கருப்பாகத் தெரியும், ஒளி சரியாக விழும் சில இறகுகளில் மட்டும் எரியும். முழுவதையும் அடர் நிறத்தில் பூசி, எரியும் இடத்தில் மட்டும் தூய நிறம் வையுங்கள். அதன் ஓரம் கூர்மையாகவும், பக்கத்து இறகில் சிவப்பு ஆரஞ்சாகவும் பிறகு பச்சையாகவும் நகர்ந்தால் கண் நம்பிவிடும்.

அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு வண்ணம் வெளிச்சத்தில் வெளுக்கும், குயினாக்ரிடோன் வகையை வாங்கிக்கொள்ளுங்கள். முடித்த படத்தை அமிலமில்லாத அட்டையில் ஏற்றி நேர்வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். மியூசியங்கள் இப்படிப்பட்ட தாள்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் விடுவதில்லை.

அமைதிவனம்

விலங்குகளுக்கும் இதே முறைதானா? நேஷனல் ஜியோகிராஃபிக்கில் 1916இலும் 1918இலும் வந்த அவருடைய வட அமெரிக்கப் பாலூட்டிகளைப் பார்த்துத்தான் கேட்கிறேன். பறவைகள் அளவுக்கு அவை உயிரோடு இல்லை என்று தோன்றுகிறது.

மைக்கூடு

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். பறவைகளோடு ஒப்பிட்டால் ஒரு படி கீழேதான். இறகுகள் தொகுதியாக அடுக்கப்பட்டவை, வடிவத்தைத் தாங்களே சொல்லிவிடும். உரோமம் அப்படிச் சொல்லாது. அடியில் உள்ள தசை தெரியாமல் மேலே முடி போட்டால் விலங்கு மெத்தையாகிவிடும்.

முறையில் வரும் வித்தியாசம் இரண்டு. பென்சிலில் முதலில் முடியின் திசைவரைபடம் போட வேண்டும். மூக்கிலிருந்து பின்னோக்கி, கண்ணைச் சுற்றிப் பிரிந்து, தோளில் சுழித்து, தொடையில் கீழ்நோக்கி என்று சிறு அம்புக்குறிகளாகப் போட்டுக்கொள்ளுங்கள். திசை திரும்பும் இடங்களில்தான் முடி பிளந்து அடிநிறம் தெரியும். அந்த இடங்களில் மட்டும் தனித்தனி முடி போடுங்கள், மற்றதை ஈரப்பூச்சோடு விட்டுவிடுங்கள். இரண்டாவது, தூரிகை. 8ஆம் எண்ணில் கெட்டியான வண்ணத்தை எடுத்துத் துணியில் ஒற்றி, நுனியை விரலால் பிளந்து, முடி வளரும் திசையில் தொட்டு இழுத்தால் ஒரு இழுப்பில் ஏழெட்டு முடி விழும். ஈரம் அதிகமானால் அவை ஒன்றாகச் சேர்ந்து பட்டையாகிவிடும், அதனால் ஒவ்வொரு முறையும் ஓரத்தாளில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு விலங்கின் மேல் வையுங்கள். மீசையைக் கண்ணையும் முகத்தையும் முடித்து, முழுவதும் காய்ந்தபிறகு, தோளிலிருந்து கையை வீசி ஒரே மூச்சில் போட வேண்டும். மணிக்கட்டால் போட்ட மீசை வளைந்து கம்பியாக நிற்கும்.